37 ஆபரேஷன்கள், ஒரு பெயர்: கணையப் புற்றுநோய் சர்ஜரியின் டாக்டர் விப்பிள் யார்? 80 வயதில் அந்த ஆபரேஷன் பலன் தருமா?

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டால், அடுத்ததாக மருத்துவமனையில் காதில் விழும் வார்த்தை பெரும்பாலும் ‘விப்பிள்’. போனை எடுத்துத் தேடிப் பார்த்தால் இரைப்பை, குடல், பித்தப்பை என்று எல்லாவற்றையும் வெட்டி மறுபடி ஒட்டுகிற மாதிரி படங்கள் வரும். பார்த்ததும் பயம்தான் மிஞ்சும். நோயாளி 78 வயது அப்பாவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த வயசுல இதைத் தாங்குவாரா, பேசாம விட்டுடலாமா என்ற விவாதம் அன்றைக்கு ராத்திரியே வீட்டில் ஆரம்பித்துவிடும்.

அந்த வார்த்தை உண்மையில் ஒரு மனிதரின் பெயர். ஆலன் ஓல்ட்ஃபாதர் விப்பிள், நியூயார்க்கில் வேலை பார்த்த சர்ஜன். வாழ்நாள் முழுக்க இந்த ஆபரேஷனை அவர் செய்தது 37 முறைதான். இன்றைக்குப் பெரிய மையம் ஒன்றில் சில மாதங்களிலேயே தாண்டிவிடும் எண்ணிக்கை இது. அந்த 37 பேரிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆபரேஷனைத் தொடர்ந்தே இறந்துபோனார்கள். அப்படியும் அவர் பெயர் எப்படி நிலைத்தது? 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் இதைச் செய்யலாமா என்று இன்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை எப்படி மாறியது?

ஈரானில் பிறந்த நியூயார்க் சர்ஜன்

விப்பிள் பிறந்தது 1881 செப்டம்பர் 2ஆம் தேதி. ஊர், அன்றைய பாரசீகத்தின் ஊர்மியா. இன்றைய ஈரானின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. பெற்றோர் அமெரிக்க மிஷனரிகள். அசீரியக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த அந்த ஊரில்தான் அவருடைய சிறுவயது கழிந்தது. பதின்ம வயதில் அமெரிக்கா வந்தவர் பிரின்ஸ்டனில் படித்து 1904இல் பட்டம் வாங்கினார். 1908இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அதன் பிறகு பிரஸ்பிடீரியன் மருத்துவமனைதான் அவருடைய உலகம். 1921இல் கொலம்பியாவின் சர்ஜரி பேராசிரியர் ஆனபோது அவருக்கு 40 வயதுகூட முழுதாக ஆகியிருக்கவில்லை. 1946 வரை, கால் நூற்றாண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார்.

(விப்பிள் நோய் என்று ஒன்று உண்டு. அது வேறு. குடலைத் தாக்கும் அந்த அரிய நோய்க்குப் பெயர் வரக் காரணம் ஜார்ஜ் விப்பிள். 1934இல் நோபல் வாங்கியவரும் அவர்தான். கூகுளில் இருவரும் அடிக்கடி கலந்துபோவார்கள்.)

முதலில் கத்தியை எடுக்க வேண்டாம் என்றவர்

கணையத்தின் பக்கம் விப்பிளை இழுத்தது புற்றுநோய் அல்ல, சர்க்கரை. 1920களில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கணையத்தில் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டிகளும் இருக்கின்றன என்று தெரியவந்தது. சர்க்கரை திடீரென இறங்கி, நோயாளி மயங்கி விழுவார். சிலருக்குப் புத்தி தடுமாறும். கட்டியை எடுத்துவிட்டால் குணம். செய்தி பரவியதும், மயக்கம் வருகிறது என்று வந்தவர்களின் வயிற்றையெல்லாம் திறந்து பார்க்கும் ஆர்வம் சர்ஜன்களிடம் வந்துவிட்டது. திறந்து பார்த்தால் பல சமயம் கட்டியே இருக்காது.

விப்பிள் இதற்கு ஒரு தடுப்பு போட்டார். சர்க்கரை குறைந்ததற்கான அறிகுறிகள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருக்க வேண்டும். குளுக்கோஸ் கொடுத்ததும் அறிகுறிகள் மறைய வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச்சு. மருத்துவ மாணவர்கள் இன்றும் பரீட்சைக்குப் படிக்கும் ‘விப்பிள் ட்ரையட்’ இதுதான். யாருக்கு ஆபரேஷன் செய்யக் கூடாது என்று முதலில் முடிவு செய்வது அவருடைய பழக்கம். பெரிய ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தவரைப் பற்றி இது பலருக்குத் தெரியாத பக்கம்.

தையலையே செரித்துவிடும் உறுப்பு

கணையம் ஏன் சர்ஜன்களுக்கு இவ்வளவு கஷ்டம் கொடுக்கிறது? இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஆழத்தில் ஒளிந்திருக்கும் உறுப்பு அது. அதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் ‘சி’ வடிவில் அணைத்தபடி இருக்கும். கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய் அந்தத் தலைக்குள் புகுந்துதான் குடலைச் சேரும். பின்னாலேயே கல்லீரலுக்கும் குடலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளங்கள். தலையில் கட்டி வந்தால் தலையை மட்டும் தனியாக எடுக்க முடியாது. முன்சிறுகுடல், பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, பித்தப்பை, பல சமயம் இரைப்பையின் ஒரு பகுதி என எல்லாம் ஒரே கொத்தாக வெளியே வரும். பிறகு மிச்சமிருக்கும் கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு தனித்தனியாக இணைக்க வேண்டும்.

இதில் கணையத்தை இணைப்பதுதான் வில்லங்கம். இறைச்சியைச் செரிக்கும் நீரைச் சுரக்கும் உறுப்பு அது. அந்த நீர் வெளியே கசிந்தால் பக்கத்தில் இருக்கும் திசுவையே கரைக்க ஆரம்பித்துவிடும்.

முயற்சிகள் விப்பிளுக்கு முன்பே நடந்திருந்தன. 1898இல் இத்தாலியில் கோடிவில்லா என்ற சர்ஜன் செய்த நோயாளி சில வாரங்களில் இறந்தார். 1909இல் பெர்லினில் வால்டர் கௌஷ் இரண்டு கட்டமாகச் செய்து வெற்றி கண்டார். அந்த நோயாளி மாதக்கணக்கில் உயிரோடு இருந்தார். இதனால் ஜெர்மனியில் இன்றும் இதை கௌஷ்-விப்பிள் ஆபரேஷன் என்றுதான் சொல்கிறார்கள். நியாயமான பெயர் அதுதான்.

1934இல் விப்பிள் குழு ஆரம்பித்தபோது தையலுக்குப் பயன்படுத்தியது கேட்கட் நூல். கால்நடைகளின் குடலிலிருந்து செய்வது, உடம்புக்குள் தானாகக் கரைந்துவிடும். சாதாரண ஆபரேஷனில் அது வசதி. கணையத்தில் அதுவே வினையானது. கணைய நீர் நூலைச் செரித்துவிட, இணைப்பு பிரிந்து, முதல் நோயாளி இரண்டு நாள்கூடத் தாண்டவில்லை. அடுத்த நோயாளிகளுக்குப் பட்டு நூல். பட்டை கணைய நீர் அவ்வளவு சீக்கிரம் கரைக்காது. அவர்களில் ஒருவர் சில மாதங்களும் இன்னொருவர் சுமார் இரண்டு ஆண்டுகளும் வாழ்ந்தார்கள். 1935இல் பார்சன்ஸ், மல்லின்ஸ் ஆகிய சக டாக்டர்களுடன் சேர்ந்து விப்பிள் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். மூன்றே நோயாளிகள். அந்தக் கட்டுரைதான் பெயருக்கு அஸ்திவாரம்.

அப்போதெல்லாம் ஆபரேஷன் இரண்டு தவணை. மஞ்சள் காமாலை முற்றிய நோயாளியை வெட்டினால் ரத்தம் நிற்காது. காரணம், பித்தம் குடலுக்கு வராமல் போனால் வைட்டமின் கே உடம்பில் ஏறாது. அது இல்லாமல் ரத்தம் உறையாது. எனவே முதல் தவணையில் பித்தத்துக்கு மாற்றுப்பாதை அமைத்து, சில வாரங்கள் காத்திருந்து, காமாலை இறங்கியதும் இரண்டாவது தவணையில் கட்டியை எடுப்பார்கள். அந்த வைட்டமினைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஹென்ரிக் டாம். 1930களின் கடைசியில் அது ஊசி மருந்தாகக் கைக்கு வந்தது. சர்ஜரியில் இதைவிடப் பெரிய திருப்பம் குறைவு என்றே சொல்லலாம்.

தவறான கணிப்பில் வந்த திருப்பம்

1940 மார்ச்சில் விப்பிள் ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்தது இரைப்பைப் புற்றுநோய் என்று நினைத்து. இரைப்பையை வெட்டிப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, கட்டி இருப்பது கணையத் தலையில். பாதி தூரம் வந்தாகிவிட்டது, திரும்பிப் போக வழியில்லை. நல்லவேளையாக நோயாளிக்குக் காமாலை இல்லை, ரத்தம் உறைவதில் சிக்கல் இல்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுத்து, இணைப்புகளையும் போட்டு முடித்தார். அந்த நோயாளி சுமார் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

அது வழக்கமான கணையப் புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும் நரம்பு-நாளமில்லாச் சுரப்பி வகைக் கட்டி என்பது தெரியவந்தது. ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டிதான். 2004இல் ஆபரேஷன் செய்துகொண்ட அவர் 2011 வரை வாழ்ந்தார். கணையக் கட்டி என்றால் எல்லாம் ஒன்றல்ல. பிரபலம் ஒருவர் ஏழு வருஷம் இருந்தார் என்பதை வைத்து வீட்டில் கணக்குப் போடுவதற்கு முன், பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்த வகை என்று பார்ப்பது அவசியம்.

ஒரே தவணையில் செய்ய முடியும் என்பது உறுதியானதும் உலகம் முழுக்க அந்த முறை பரவியது. விப்பிளும் மாற்றிக்கொண்டே போனார். ஆரம்பத்தில் மிச்சக் கணையத்தின் வாயைக் கட்டி மூடிவிடுவார்கள், கசிவு அதிகம். பிறகு அதைக் குடலோடு இணைக்கும் முறைக்கு வந்தார்கள்.

இதே காலத்தில் அவர் துறையில் இன்னும் நிறைய நடந்தது. கல்லீரல் சுருங்கி ரத்த வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தநாளங்களை மாற்றி இணைக்கும் சர்ஜரியை பிளேக்மோருடன் சேர்ந்து வளர்த்தார். அமெரிக்க சர்ஜரி போர்டு 1937இல் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. அவரிடம் சர்ஜரி பயிற்சிக்கு வந்த வர்ஜீனியா ஆப்கார் என்ற திறமையான இளம் டாக்டரை, பெண்கள் சர்ஜனாகப் பிழைப்பது கஷ்டம், மயக்க மருந்துத் துறைக்குப் போவது நல்லது என்று திருப்பி அனுப்பியவரும் இவரே. நல்ல மயக்க மருந்து நிபுணர் இல்லாமல் சர்ஜரி முன்னேறாது என்ற அவருடைய கணிப்பு சரி. ஆனா, ஒரு பெண்ணின் ஆசைக்கு அன்றைய உலகம் வைத்த விலை அது என்பதும் உண்மை. பிறந்த குழந்தைக்கு இன்று போடப்படும் ஆப்கார் ஸ்கோர் அந்தப் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு விப்பிள் மெமோரியல் மருத்துவமனையில் 1951 வரை பொறுப்பில் இருந்தார். நியூயார்க்கின் அந்தப் புற்றுநோய் மருத்துவமனைதான் இன்றைய மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங். கடைசிக் காலத்தில், பிறந்த மண்ணின் பக்கம் மனசு திரும்பியது. நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம் அறிஞர்களும் கிரேக்க மருத்துவத்தைக் காப்பாற்றி வளர்த்த கதையை எழுதினார்; அந்தப் புத்தகம் அவர் இறந்த பிறகு 1967இல் வெளிவந்தது. 1963 ஏப்ரல் 6ஆம் தேதி பிரின்ஸ்டனில் காலமானபோது அவருக்கு வயது 81.

கைவிடப்பட இருந்த ஆபரேஷன்

விப்பிள் இறந்த காலத்தில் அவருடைய ஆபரேஷனுக்கு நல்ல பெயர் இல்லை. பல மருத்துவமனைகளில் நான்கு, ஐந்து பேருக்கு ஒருவர் ஆபரேஷனிலேயே இறந்தார்கள். தப்பித்தவர்களிலும் பெரும்பாலானோரைப் புற்றுநோய் சில ஆண்டுகளில் கொண்டுபோனது. ஜார்ஜ் கிரைல் ஜூனியர் என்ற பிரபல சர்ஜன் 1970இல் வெளிப்படையாகவே எழுதினார்: கட்டியை எடுக்காமல் பித்தத்துக்கு மாற்றுப்பாதை மட்டும் போட்டுவிடுவதே நோயாளிக்கு நல்லது. வயதானவர்கள் விஷயத்தில் அன்று விவாதமே கிடையாது. எழுபதைத் தாண்டினால் பல இடங்களில் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

நிலைமையை மாற்றியது புது மருந்து இல்லை, திரும்பத் திரும்பச் செய்த பழக்கம். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் கேமரூன் தலைமையிலான குழு, தொடர்ச்சியாக 145 பேருக்கு ஒரு மரணம்கூட இல்லாமல் இந்த ஆபரேஷனைச் செய்ததாக 1993இல் வெளியிட்டது. ஒரே குழு, ஒரே ஐசியூ, கசிவு வந்தால் ஸ்கேன் பார்த்து ஊசி வழியாக வடிக்கும் ரேடியாலஜிஸ்ட், சிக்கலை முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கும் நர்ஸ்கள் என எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. 2002இல் அமெரிக்க மெடிகேர் பதிவுகளை வைத்து வந்த ஆய்வு இதை எண்ணிக்கையாகவே காட்டியது. கணைய சர்ஜரி மிகக் குறைவாக நடக்கும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 சதவீதம், மிக அதிகமாக நடக்கும் இடங்களில் 3.8 சதவீதம்.

80 வயதில் என்ன நடக்கிறது?

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களின் நோய். அமெரிக்காவில் இது கண்டுபிடிக்கப்படும்போது நோயாளிகளில் பாதிப் பேர் 70 வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். அதிலும் ஐந்தில் ஒருவருக்குத்தான், அதிகபட்சம், கட்டி எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும். அந்த வாய்ப்பை வயதை மட்டும் காட்டி மறுக்கலாமா என்பதுதான் கேள்வி.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2006இல் தன்னுடைய 35 ஆண்டுப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தது. 80 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் ஆபரேஷனுக்குப் பின் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1.7 சதவீதம். 80 முதல் 89 வயது வரை 4.1 சதவீதம். 90ஐத் தாண்டிய 10 பேரில் அந்த 30 நாளில் ஒருவரும் இறக்கவில்லை. (பத்துப் பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது, அதுவும் சலித்து எடுத்த பத்துப் பேர்.) விப்பிளின் காலத்தில் மூன்றில் ஒருவர் என்று இருந்ததோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனா, இந்த எண்களை அப்படியே நம்ம அப்பாவுக்குப் பொருத்த முடியாது. அமெரிக்கா முழுவதும் உள்ள பதிவுகளை வைத்து 2007இல் வந்த இன்னொரு ஆய்வில், கணைய சர்ஜரி செய்துகொண்ட 65-69 வயதுக்காரர்களில் 6.7 சதவீதமும், 80ஐத் தாண்டியவர்களில் 15.5 சதவீதமும் இறந்திருக்கிறார்கள். அதே நாடு, அதே ஆபரேஷன், அதே வயது. சிறந்த மையத்துக்கும் சராசரிக்கும் நடுவில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு இடைவெளி.

முப்பது நாள் தாண்டினாலும் கதை முடிவதில்லை. ஹாப்கின்ஸில் ஆபரேஷன் செய்துகொண்ட 80-89 வயதுக்காரர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 59 சதவீதம். அதாவது பத்தில் நான்கு பேர் இரண்டாவது வருஷத்துக்குப் போகவில்லை. இந்த எண்ணை டாக்டரும் குடும்பமும் முதல் நாளே பேசியாக வேண்டும்.

வயதானவர்களுக்கு ஏன் இந்த வித்தியாசம்? கணையக் கசிவு 50 வயதுக்காரருக்கும் வரும், 80 வயதுக்காரருக்கும் வரும். இளையவர் அதைத் தாங்கி எழுந்துவிடுவார். மூத்தவருக்கு அந்தக் கசிவு கிருமித்தொற்றாகி, தொற்று இதயத்தையோ சிறுநீரகத்தையோ தொட்டு, நடுவில் மனக்குழப்பம் வந்து, படுக்கையிலேயே நிமோனியா பிடித்துவிடும். முதல் சிக்கலை விட, அடுத்தடுத்து வரும் சிக்கல்களே ஆளைச் சாய்க்கின்றன. இதனால்தான் நல்ல மையங்களில் இப்போது பிறந்த தேதியைப் பார்ப்பதை விட உடம்பின் தளர்ச்சியைத்தான் அளக்கிறார்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறாரா, எவ்வளவு வேகமாக நடக்கிறார், கைப்பிடி எப்படி, ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தார், ஸ்கேனில் தசை எவ்வளவு தெரிகிறது, ஞாபகம் எப்படி என்று பார்க்கிறார்கள். தினமும் வாக்கிங் போய்க் கடைக்குப் போய்வரும் 82 வயதுக்காரரை விட, சர்க்கரையும் இதய நோயும் இருந்து படுக்கையை விட்டு எழாத 68 வயதுக்காரருக்கு ஆபத்து அதிகமாக இருக்கலாம்.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், 2009 பிப்ரவரியில் 75 வயதில் கணைய சர்ஜரி செய்துகொண்டார். இடம், விப்பிள் கடைசியாக வேலை பார்த்த அதே மெமோரியல் மருத்துவமனை. கட்டி தலைப்பகுதியில் இல்லாததால் அது விப்பிள் ஆபரேஷன் அல்ல. ஆரம்பத்திலேயே அகப்பட்ட சிறிய கட்டி. மூன்று வாரத்துக்குள் நீதிமன்றத்துக்குத் திரும்பி, 2020இல் 87 வயதில் இறக்கும் வரை பதவியில் இருந்தார். மரணத்துக்குக் காரணம் கணையப் புற்றுநோயே. ஓபரா பாடகர் லூச்சியானோ பாவரொட்டி 2006 ஜூலையில் 70 வயதில் சர்ஜரி செய்துகொண்டு அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார். வயதில் இளையவர் பாவரொட்டிதான்.

இன்னொரு விஷயம் பலரும் கேட்க மறப்பது. ஆபரேஷன் மட்டும் போதாது, பின்னாலேயே கீமோதெரபி வேண்டும். 2018இல் வெளியான பிரெஞ்சு-கனடா ஆய்வில், நான்கு மருந்து சேர்ந்த கீமோ எடுத்தவர்களின் சராசரி ஆயுள் 54 மாதத்தைத் தாண்டியது. பழைய மருந்து எடுத்தவர்களுக்கு 35 மாதம். அசத்தலான முன்னேற்றம். ஆனா அந்த ஆய்வில் சேர அனுமதிக்கப்பட்ட உச்ச வயது 79. எண்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த 54 மாதக் கணக்கு நேரடியாகப் பொருந்தாது. அவர்களில் பலர் ஆபரேஷன் களைப்பிலிருந்து மீண்டு கீமோவைத் தொடங்கவே முடியாமல் போகிறது. இதனால் சில இடங்களில் கீமோவை முதலில் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதைத் தாங்குகிறவர் ஆபரேஷனையும் தாங்க வாய்ப்பு அதிகம்; தாங்காதவருக்கு ஒரு பெரிய வெட்டு மிச்சம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்கும் சாப்பாட்டு முறையே மாறிவிடும். ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு முறை. பலருக்கு ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோடு கணைய என்சைம் மாத்திரை போட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கொழுப்பு செரிக்காமல் எடை இறங்கிக்கொண்டே போகும். மிச்சக் கணையம் சிறியது என்பதால் சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரும். பழைய தெம்பு திரும்ப மூத்தவர்களுக்குப் பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.